ஜப்பான் கடலில் அப்பாவின் முழுக்கைச் சட்டை

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்றுதான் ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். எங்கள் கோலசிலாங்கூர் வீட்டிலிருந்து ரெமிஸ் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். நானும் அம்மாவும் கலங்கல் தண்ணீரில் கும்மாளம் போடுவோம். அப்பா மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டுக்கொண்டு, பாயில் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழம் தின்பார். கேட்டால், வெயில் பட்டால் கறுத்துவிடுவேன் என்பார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டி ஓட்டி அவர் ஏற்கெனவே அடுப்புக்கரி நிறம். இதற்குமேல் கறுக்க என்ன இருக்கிறது என்று அம்மா கேலி செய்வார்.

சட்டைக்குள் இருந்த சங்கதி எனக்குத் தெரியும். இடது தோளுக்குக் கீழே ஒரு டிராகனும் அதன் வாலுக்கடியில் இரண்டு இலக்க எண் ஒன்றும் பச்சை குத்தியிருந்தார். அந்த எண் அப்பா பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டு நம்பர் என்று அம்மா சொல்லியிருந்தார். தோட்டத்தை விற்று லயத்தை இடித்துவிட்டார்களாம், மறந்துவிடக் கூடாதென்று குத்திக்கொண்டாராம். பிறந்த வீட்டின்மேல் இத்தனை பாசமா என்று எனக்குப் பெருமை தாங்காது. ஆனால் வெளியே மூச்சுவிடக் கூடாதென்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஜப்பானில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு பள்ளி விடுமுறைக்கு எங்களைக் கூப்பிட்டார். அப்பா என்னோடு கடலில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஜப்பானில் நாங்கள் போன கடற்கரையில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அப்பா சட்டையைக் கழற்றினார். ஒரே ஓட்டமாக ஓடித் தண்ணீரில் பாய்ந்தார். அடடா, என்ன நீச்சல்! சின்ன வயதில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பழகியதாம். என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு அலைக்கு அலை தாவினார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மஞ்சள் சட்டை போட்ட கடற்கரைக் காவலர் ஒருவர் கரையில் நின்று அப்பாவைக் கை காட்டி அழைத்தார். அப்பாவின் முகம் செத்துப்போனது. ஊரில் போலீஸ்காரர்கள் சாலையில் லோரியை நிறுத்திச் சோதிக்கும்போது நிற்பதுபோல, யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு போய் நின்றார். என்னை அம்மாவிடம் போகச் சொன்னார். நான் போகவில்லை. அப்பாவைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், நானும் அம்மாவும் மட்டும் விமானம் ஏறவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி ஓடி வந்தார். காவலர் இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டு ஓர் அட்டையைக் காட்டினார். அதில் பூ, பாம்பு, இதயம் என்று விதவிதமான பச்சைகளின் படம், எல்லாவற்றின்மேலும் சிவப்புக் கோடு. அதுவரை கடற்கரைக்கே போகாத சித்திக்கு அந்த ஊர்ச் சட்டம் தெரிந்திருக்கவில்லை.

"சட்டைய போட்டுக்கணுமாம் மாமா. பச்சை குத்துனது வெளிய தெரியக் கூடாதாம். அவ்வளவுதான்."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நம்பர பத்தி ஒன்னும் கேக்கலயா?" என்றார் அடிக்குரலில்.

"கேக்கலயே. பூவா இருந்தாலும் மூடத்தான் சொல்றாங்க."

அப்பாவைக் காப்பாற்ற என்னைவிட்டால் ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது. சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டேன். "அது அப்பா பொறந்த வீட்டு நம்பர்னு சொல்லுங்க சித்தி" என்றேன். சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா மணலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சித்தி அதை அப்படியே ஜப்பான் மொழியில் சொன்னார். காவலர் தலையைச் சாய்த்து மெய்யாகவே யோசித்தார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு, வீட்டு நம்பராக இருந்தாலும் மறைக்கத்தான் வேண்டும் என்றார்.

அப்பா மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். எழுந்து காவலருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அவரும் குனிந்தார். அப்பா மறுபடியும் குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நாலைந்து தடவை குனிந்தார்கள். பிறகு காவலர், தோளில் பட்டாம்பூச்சி குத்தியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய் அதே அட்டையைக் காட்டினார். அப்பா அதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடலில் இறங்கினார். சாயங்காலம்வரை கரையேறவில்லை.

அந்த எண் ஒரு குண்டர் கும்பலுடையது என்பது பதினாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தோட்டம் போனபின் பிழைப்புத் தேடிப் பட்டணம் போன பையன்கள் சிலரைப் போல அப்பாவும் அதில் சேர்ந்திருக்கிறார், நான் பிறந்ததும் விலகியிருக்கிறார். வேலை கேட்டுப் போன இடத்திலும் சட்டையைக் கழற்றச் சொன்ன கோயிலிலும் அந்த எண்ணைப் பார்த்தவர்கள், அதற்குமேல் அவரைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஜப்பானிலும் கும்பல்காரர்கள்மேல் இருந்த பயத்தில்தான் அப்படியொரு சட்டம் வந்தது என்று சித்தி பிற்பாடு சொன்னார். ஆனாலும் அந்தக் காவலர் அப்பாவையும் பட்டாம்பூச்சிப் பெண்ணையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

அன்று திரும்பும் ரயிலில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தனை பேர் முன்னால் அப்பாவை அதட்டிவிட்டார்கள், பாவம், அவரும் பயந்துபோய்க் குனிந்து குனிந்து கும்பிட்டார் என்று என் மனம் ஆறவேயில்லை. ஈரச் சட்டையோடு இருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேறுதல் சொன்னேன்.

"கவலப்படாதீங்கப்பா. ஊருக்குப் போனதும் போலீஸ்ல சொல்லிடலாம்."

அப்பா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல யோசனைதானே சொன்னோம், இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.