புகையில்லாத கரி

வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவரும் ஆஷா வேலை அழகுத்தாய்க்கு. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பீர்மேட்டு எஸ்டேட் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப் வந்து நிற்பதற்குள் இவள் வாசலில் நிற்பாள். "வந்துட்டாய்யா பஞ்சாயத்து!" என்று ஆண்கள் கேலி பேசுவார்கள். பேசட்டுமே, இவளுக்கென்ன! குளிருக்கு விறகை மூட்டி, அறையைப் புகையாக்கி, பச்சைப்பிள்ளையை இருமவிடுகிற கூட்டத்தை இவள் திட்டாமல் வேறு யார் திட்டுவார்கள்?

புதிதாகப் பிள்ளை பெற்றிருந்த கற்பகத்தின் வீட்டிலும் திட்டிவிட்டுத்தான் வந்தாள். "பிள்ளைக்குப் புகையே ஆகாது. இன்னொரு தரம் இந்த ரூமுக்குள்ள விறகு எரியுறதப் பாத்தேன், நான் மனுசியா இருக்க மாட்டேன்!" கற்பகத்தின் புருஷன் முனீஸ்வரன் தலையை ஆட்டினான்.

மறுநாள் மத்தியானம் சாரலில் நனைந்துகொண்டு அந்தப் பக்கம் போனாள். மற்ற வீடுகளெல்லாம் புகைந்துகொண்டிருக்க, கற்பகத்தின் வீட்டில் மட்டும் பொட்டுப் புகை இல்லை. அழகுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. சபாஷ், ஒரு வீடாவது பேச்சைக் கேட்டதே! நாலு வார்த்தை பாராட்டிவிட்டுப் போவோமென்று கதவைத் தட்டினாள். பதில் இல்லை. சன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கு அடைத்திருந்தது.

"ஏ கற்பகம்! பட்டப்பகல்ல என்னடி தூக்கம்?"

உள்ளே ஒரு முனகல். தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள்.

அறை கதகதப்பாக இருந்தது. கட்டிலோரம் இரும்புச்சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. கற்பகம் வாந்தியெடுத்துக் கிடந்தாள். பிள்ளை நனைந்த துணியாகத் துவண்டிருந்தது. அடைத்த அறையில் கரிக்கங்கு ஆளையே கொன்றுவிடும், அந்த நஞ்சு கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது என்று ஆஷா பயிற்சி வகுப்பில் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்! கற்பகத்தை வெளிய தூக்குங்க! ஜீப்பக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் பிள்ளை வீறிட்டு அழுதது. தாயும் கண் விழித்தாள். போன உயிர் திரும்பி வந்த பிறகுதான் அழகுத்தாய்க்குக் கோபம் வந்தது. தேயிலைக் கொழுந்துக்காட்டிலிருந்து ஓடிவந்த முனீஸ்வரனின் சட்டையைப் பிடித்தாள்.

"கூறுகெட்ட பயலே, கரிய உள்ள வைக்கச் சொன்னது எவன்டா?"

"புகை ஆகாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?" அவன் குழந்தை போல அழுதான். "அதான் விறக விட்டுட்டு, கடையில கரி வாங்கியாந்தேன். பிள்ளைக்குக் குளிரக் கூடாதுல்ல..."

அவள் கை தானாக விட்டுவிட்டது. இதே பேச்சை இதே வாயால் எத்தனை லயங்களில் சொல்லியிருக்கிறாள்! இந்தச் சாரலில் இன்னும் எத்தனை பேர் அவள் பேச்சைக் கேட்டுத் தொலைத்திருப்பார்களோ! போனை எடுத்தாள், சிக்னல் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்த ஜீப்பை மறித்தாள்.