ஆறு மாசம் பொறுக்கச் சொன்னவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஆறுமாசம்' என்றுதான் பெயர். இருபது வருஷமாக வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். மார்க்கெட் எப்படி என்று விற்பவர் கேட்டால், "ஆறு மாசம் பொறுங்க, ஏறும்" என்பார். வாங்க வந்தவரிடம், "ஆறு மாசம் போனா இந்த விலைக்குக் கிடைக்காது" என்று அதையே திருப்பிப் போடுவார். நாங்கள் மட்டும் யோக்கியமா? எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் பிழைக்கிறோம். ஆனால் இந்த மனுஷர் தான் சொன்னதைத் தானே நம்பினார். அதுதான் வந்த வினை.

அவருடைய அக்கா குடியிருந்தது மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்து அத்தானுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாள் முழுக்க ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதை வித்துட்டுத் தரையோட ஒரு வீடு பாத்துக் குடுடா. அவர் வாசலுக்காவது போய்ட்டு வரட்டும்" என்றாள் அக்கா.

ஒரு பள்ளி ஆசிரியை வந்து பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார், கட்டில் போடும் இடத்தை அளந்தார். வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள்தான் அளப்பார்கள். அது இவருக்குத் தெரியாதா? ஆசிரியை விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். முதலில் கேட்கும் விலைக்குத் தலையாட்டுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். அக்காவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "கட்டுப்படியாகாதும்மா" என்று அனுப்பிவிட்டார். அக்காவுக்கு நல்ல விலை வாங்கித் தரும் ஆசைதான். இருந்தும் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

அடுத்த மாதமே வங்கியில் வீட்டுக்கடன் வட்டி ஏறியது. வீடு பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஆசிரியையைத் தேடிப் போய்க் கெஞ்சினார். அவர் வேறு வீடு வாங்கிக் குடிபோய்விட்டிருந்தார். அக்கா கேட்கும்போதெல்லாம் ஆறு மாசம், ஆறு மாசம் என்று ஒன்றரை வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் அத்தான் நாற்காலியிலேயே போய்விட்டார். அந்தக் குறுகிய படிக்கட்டில் நாங்கள் நான்கு பேர் திணறித் திணறி அவரை இறக்கினோம்.

இப்போது மார்க்கெட் ஏறியிருக்கிறது. போன வாரம் ஒருவர் நாங்கள் சொன்ன விலைக்கு மேலேயே தருவதாகச் சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினார். ஆசிரியை விஷயத்தையும் அன்றைக்குத்தான் சொல்லி, குழந்தைபோல அழுதார்.

அக்கா திட்டவில்லை.

"எனக்கு எதுக்குடா கீழ் வீடு?" என்றாள். "எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."