கம்பு விழுந்தால் மூன்று தட்டு

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் நாங்கள் ஆறு பெண்கள் சிலம்பம் ஆடுவோம். வேலை முடிந்ததும் பாத்திகளுக்கு நடுவில் இருக்கும் கரைமேல்தான் ஆட்டம். அங்கே காலை அகட்ட இடம் கிடையாது. ஒட்டி வைத்த காலோடு சுற்றிப் பழகிவிட்டோம். யாராவது கம்பைக் கீழே விட்டால் மற்றவர்கள் நிதானமாகக் கையால் மூன்று தட்டுத் தட்டுவோம். வெளியே போ என்று அர்த்தம். வாயால் சொன்னால் சண்டை வருகிறது.

உலகச் சிலம்பக் கூட்டமைப்பு என்று ஒன்று எங்களைத் தேடி வந்தது. உலகமே வந்ததோ என்று பார்த்தால் ஒரு தலைவர், ஒரு கேமராக்காரர், பட்டுக் கச்சை கட்டிய நாலு சீடர்கள். குயிலாப்பாளையத்தில் ரூம் போட்டிருந்தார்கள். இந்தக் கரையோரத்து ஆட்டத்தைப் படமெடுத்து வெளிநாட்டு விழாவுக்கு அனுப்புவோம், அங்கீகாரம் கிடைத்தால் ஆடுகிறவர்களைக் கூட்டிப் போவோம் என்று தலைவர் முன்பே போனில் சொல்லியிருந்தார். எங்கள் குழுவுக்குத் தலைமை என் அண்ணி. அவள் அதை நம்பி பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டாள்.

வந்தவர் எங்கள் கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்.

“எங்க ஆட்டத்த எப்பங்க எடுப்பீங்க?” என்றாள் அண்ணி.

“உங்களுது லோக்கல் ஸ்டைல்மா. வெளிநாட்டுக்கு ஸ்டாண்டர்டு வேணும்.”

ஸ்டாண்டர்டு கரைமேல் ஏறியது. ஒரு சீடர் காலை அகட்டிக் கம்பை வீசினார், வழுக்கினார், முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றார். கம்பு மிதந்தது. பலகையைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் மூன்று தட்டுத் தட்டினோம்.

“சூப்பர்மா, அப்படியே தட்டுங்க” என்றார் தலைவர். இவர்தான் எங்களை உலகத்துக்குக் காட்டப்போகிறவர். தூ.

பிறகு வானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் சீடர் கம்பு சுற்றினார், விழுந்ததை வெட்டிவிட்டார்கள். அடுத்து நாங்கள் கைதட்டினோம். ‘வியந்து பாராட்டும் உப்பளப் பெண்கள்’ என்றது ஒரு குரல். இந்தக் கரையோரத்தின் சார்பாக விமானம் ஏறப்போவது அந்த நாலு சீடர்கள்தான் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.

அண்ணி எழுந்து நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாங்களும் தட்டினோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரியும், மண்டபமே சேர்ந்து தட்டியது. தலைவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

“மூணு தட்டும் தட்டிட்டோம்” என்றேன்.

அண்ணி மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமா. அவனுங்க உள்ளயே இருக்கானுங்க. நாமதான் வெளிய நிக்கறோம்.”