சத்தத்தைக் கையால் வைக்கும் கேமரா

வீடியோ எடுக்கிற தொழிலில் படம் மங்கினால் மன்னிப்பார்கள், சத்தம் கெட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். ஜவ்வாது மலையில் போனை வைத்துக்கொண்டு காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்துத் திரியும் எனக்கு மீசை முளைப்பதற்குள் சட்டை கிழிந்துவிட்டது. உங்களுக்கும் கிழிந்திருக்கும். வாங்க, சேர்ந்து திட்டுவோம்.

மோதிரம் போட்ட குரல்

ஒரு காதுகுத்து. தாய்மாமன் முருகேசன் மாமா, தான் கொண்டுவந்த சீரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மேளம். போனில் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமை கிடையாது, அதுவேதான் முடிவு பண்ணும். மேளம் அடித்தால் பயந்துபோய் மாமா குரலையும் சேர்த்து அமுக்கும். மேளம் நின்றால் காற்றையும் ஆட்டையும் தூக்கிக் காட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாமா வாய் மட்டும் அசைகிறது.

விடுவேனா? அந்த இடத்தில் அவர் குரலில் நானே பேசிச் சேர்த்தேன், ஒரு மோதிரமும் கூடுதலாகப் போட்டு. வீடியோ போன் போனாகச் சுற்றியது. மலையே சிரித்தது, மாமாவைத் தவிர. "டேய், நான் சொல்லாத மோதிரத்த எங்க அக்கா இப்ப கேக்கறா, நீயே போய்ப் போட்ருடா!"

கிணற்றுக்குள் ஒரு வாக்கு

சிரித்தது போதும். எங்கள் ஊருக்குச் சாயங்கால பஸ் மேலே வருவதில்லை. கூட்டு ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். என் தங்கச்சி செல்வியும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு, இருட்டில் காட்டுவழி ஏறி வரவேண்டும். பஸ் வராவிட்டால் படிப்பை நிறுத்து என்று அம்மா சொல்லிவிட்டாள். ஊர்க்கூட்டத்துக்கு வந்த பஸ் அதிகாரி, மேலே வரைக்கும் வண்டி விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். என் போன் அந்தக் கைதட்டலுக்குப் பயந்து அவர் குரலை அமுக்கிவிட்டது.

பஸ் வரவில்லை. வீடியோவைத் தூக்கிக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போனோம். சொல்லவே இல்லை என்றார். போட்டுக் காட்டினோம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் காதுகுத்து வீடியோ பார்த்தவர் போலிருக்கிறது, அதிகாரி காதில் என்னவோ ஓதினார். நான் மட்டும் இவர் குரலில் பேசியிருந்தால் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்க மாட்டேனா? அவர் போனைத் திருப்பிக் கொடுத்துச் சிரித்தார். "மாமன் குரல்ல மோதிரம் போட்டவன், என் குரல்ல பஸ் விடமாட்டியா தம்பி?"

தானா பாத்துக்கும்

அன்றைக்கே முடிவு செய்தேன். வாய் அசைவதும் குரலும் சேர்ந்து தெளிவாக விழவேண்டும். அதற்கு வெளி மைக் சொருக ஓர் ஓட்டை, ஹெட்போன் சொருக ஓர் ஓட்டை, சத்த அளவைக் கையால் வைக்கிற வசதி, இந்த மூன்றும் உள்ள கேமரா வேண்டும், அதுவும் என் காசுக்குள். திருப்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். விற்கிறவர் ஜூம் காட்டினார். சவுண்டு என்றேன். கலர் காட்டினார். சவுண்டு என்றேன். பை இலவசம் என்றார். சத்தத்தைக் கையால் வைக்கலாமா, வைக்க முடியாதா என்று கத்தியேவிட்டேன். "அதெல்லாம் தானா பாத்துக்கும்" என்றார்.

அந்தத் 'தானா'தான் ஐயா என் தங்கச்சி படிப்பில் மண்ணைப் போட்டது! அவர் உள்ளே போன நேரம், அலமாரிக்குப் பின்னால் குனிந்துகொண்டு அடுத்து வந்தவரிடம், விற்கிறவர் குரலிலேயே, எங்கள் கேமராவுக்குக் கண் மட்டும்தான் சார், காது வேறு கடையில் வாங்கிக்கங்க என்றேன். உள்ளேயிருந்து ஓடிவந்தார். "எவன்டா அது, என் குரல்ல உண்மையச் சொல்றவன்?"

மூடிய கண்

வாணியம்பாடியில் பழைய கேமரா விற்கிற ஒரு பாய் கிடைத்தார். அவர் எடுத்துக் கொடுத்ததில் திரை முழுக்கக் கீறல், படமும் சுமார்தான். ஆனால் ஓட்டை இரண்டும் இருந்தது. சத்த அளவுக்கு ஒரு கோடு, அதை ஏற்றி இறக்க ஒரு பட்டன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைத் தெருவுக்கு நீட்டினேன். லாரி ஹாரன் அடித்தது, கோட்டை இறக்கினேன். பாய் இருமினார், ஏற்றினேன். நான் சொன்னால்தான் ஏறியது, நான் சொன்னால்தான் இறங்கியது. என் ஆயுசில் ஒரு பொருள் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாப்பா இது, கேமரா வாங்க வந்துட்டு கண்ண மூடிக்கினு நிக்கிற?"

மேஜைமேல் மைக்

மறுபடி கூட்டம், அதே அதிகாரி. மைக்கை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். ஜனங்களை ஒருமுறை கை தட்டவைத்து, கோடு சிவப்பைத் தொட்டால் சத்தம் கிழியும் என்று, தொடாதபடி இறக்கினேன். அவர் மைக்கைப் பார்த்தார், ஹெட்போனைப் பார்த்தார். அதை நிறுத்தினால்தான் பேசுவேன் என்றார். அதுவும் சுத்தமாகப் பதிவாகியது. எங்கள் ஊர்ப் பெரிசுகள்கூட நிறுத்துடா என்று என்னை அதட்டினார்கள். நான் பட்டனில் கை வைத்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து செல்வி எழுந்து நின்றாள். "நிறுத்தாத ண்ணா, நிறுத்துனா சார் பேசறது மறுபடியும் உன் குரலாயிடும்!"

நான் நிறுத்தவில்லை, அவர் அதே வாக்கை மறுபடி சொன்னார், பஸ்ஸும் இப்போது மேலே வருகிறது, ஆனால் ஒரு பெரிய மனுஷர் தன் வாய் சொன்னதைத் தன் வாய் சொன்னதுதான் என்று ஒத்துக்கொள்வதற்கு மலைக்காரன் கைக்காசு போட்டு கேமரா வாங்க வேண்டியிருக்கிறது.