யார் வாயில் கேட்ட சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் சென்னை ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சராக இருந்தேன். துறைமுகத்தில் கரி இறக்குகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், ரயில்வே யார்டில் வேலை பார்க்கிறவர்கள், இவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் நாற்பது பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தெற்கே இருந்து காற்று அடித்தால் கரித்தூள் வந்து சிலேட்டில் படியும். துடை, துடை என்று சொல்லியே எனக்குப் பாதித் தொண்டை போய்விடும்.

எங்கள் வாசகப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. பிள்ளைகள் அதை ராகம் போட்டு ஒப்பிக்கும். தாமரைக்கு மட்டும் ஆறு பெயர். தாமரையைக் கண்ணால் பார்த்த பிள்ளை அந்த அறையில் ஒன்றுகூட இல்லை. கமலம் என்று வைத்து ஒரு வாக்கியம் சொல்லு என்றால் எல்லாம் கூரையைப் பார்க்கும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். ஒரு நாள் புத்தகத்தை மூடி மேஜை மேல் போட்டுவிட்டு, "உங்க வீட்டில் அடிக்கிறதுக்காவது ஒரே சொல்லைத்தான் சொல்லுவாங்களா?" என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. அடி, சாத்து, மொத்து, வெளுத்து வாங்கு என்று ஒரே மூச்சில் எட்டுச் சொல் வந்து விழுந்தது.

அதிலிருந்துதான் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவேன். வெள்ளிக்கிழமைக்குள் அதே பொருளுக்கு எத்தனை சொல் கிடைக்கிறதோ அத்தனையும் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதிகம் கொண்டுவந்தவளுக்குச் சிலேட்டில் எழுத ஒரு புதுப் பலப்பம். முதல் வாரமே கள்ளிகள் தாங்களாகவே சொல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு சொல்லையும் யார் வாயில் கேட்டாய், அவர்கள் யாரிடம் அதைச் சொன்னார்கள் என்று சொன்னால்தான் கணக்கில் சேரும். அந்த விதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. எல்லாச் சொல்லும் ஒன்றுதான், ஆனால் எல்லாரிடமும் எல்லாச் சொல்லும் சொல்ல முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்துவிட்டது. சாப்பிடு என்று விருந்தாளியிடம் சொல்கிறார்கள், துன்னு என்று பெற்ற பிள்ளையிடம் சொல்கிறார்கள், கொட்டிக்கோ என்று குடித்துவிட்டு வந்த புருஷனிடம் சொல்கிறார்கள். இதை எந்தப் புத்தகம் சொல்லிக்கொடுக்கும்?

இதில் ஒருத்தி கெட்டிக்காரி. எட்டு வயது, ஒல்லி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை, அம்மா கூடையில் மீன் விற்கிறவள். பெண்ணின் பாவாடையில் எந்நேரமும் மீன் வாடை அடிக்கும். மற்ற பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கும். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து சொல் பொறுக்குவாள். பலப்பத்தை வாங்கியதும் மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பாள். என்னடி வாசம் அதில் என்று கேட்டால், "புச்சு வாசன டீச்சர்" என்பாள், புதுசின் வாசனையாம்.

ஒரு வாரம் பழசு என்று எழுதிப் போட்டேன். அவள் கொண்டுவந்ததெல்லாம் மீன். நேத்து மீன், பதம் போன மீன், வாடின மீன், நாறல். எல்லாம் யார் வாயில் கேட்டாய் என்றால், எங்கம்மா அப்பாவிடம் சொன்னது என்று வரிசையாகச் சொன்னாள். அதே வகுப்பில் அவளுடைய அம்மாவிடம் மீன் வாங்குகிற வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். மறுநாள் காலையில் கூடையோடு வாசலில் வந்து நின்றாள் அந்த அம்மா.

"இன்னா டீச்சரம்மா, என் யாவாரத்துல மண்ணள்ளிப் போட்டியே. வூட்டுப் பேச்ச வெளிய கொண்டாரச் சொல்லிக் குட்க்கறதா பள்ளிக்கூடம்?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் கடைசியில் சிரித்துவிட்டுத்தான் போனாள். போகிறபோது பெண்ணின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள், செல்லமாகத்தான்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் ஏறிவிட்டது, அதோடு அம்மையும் வந்துவிட்டது. எனக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் முகத்திலேயே ஏழெட்டுத் தழும்பு உண்டு. நான் எழுந்துகொண்டேன், என் தங்கை எழுந்துகொள்ளவில்லை. எங்கள் வீடு மாதா கோயிலுக்குத் தவறாத வேதக்கார வீடு. ஆனாலும் என் அம்மா மாதா படத்துக்குக் கீழே வேப்பிலையைச் செருகி, வந்திறங்கிய அம்மனை மரியாதையாகத்தான் பேசினாள். அதனால் மீனவர் தெருக்களில் ஏன் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பேர் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அதற்கு மேல், வெளியே தெரிந்தால் வண்டி வரும். நோயாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே வேலி போட்ட அம்மைக் கொட்டாயில் போட்டுவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக எந்தத் தெருவும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வகுப்புக்கே வந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் வீடுகளில் யாருக்காவது வைசூரி கண்டிருக்கிறதா?" என்று கேட்டார். நாற்பது பிள்ளைகளும் ஊமை. அவர் என்னைத் தனியே அழைத்து, உங்களிடம் பிள்ளைகள் பேசும், விசாரித்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றார். சரி என்றேன்.

திரும்பி வந்து பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த ஒல்லிப் பெண்ணிடம் குனிந்தபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. நாலு அடி தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவள் மேல் மீன் வாடை இல்லை. மீன்காரி வீட்டில் மீன் வாடை இல்லையென்றால் அந்த வீட்டுக்குள் மீன் நுழையவில்லை என்று அர்த்தம். அம்மை கண்ட வீட்டில் மீன் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கரும்பலகைக்குப் போய் அந்த வாரத்துச் சொல்லை எழுதினேன். அம்மை என்று எழுதினேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். தெரிந்துதான் எழுதினேன். நாற்பது பிள்ளைகள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப் பேருக்கு அம்மை குத்தவில்லை. நான் என் தங்கையை நினைத்துக்கொண்டேன். அதுவும் நிஜம்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பல பிள்ளைகள் அந்த வாரம் வெறுங்கையோடு வந்தார்கள். யார்டு குமாஸ்தாவின் மகள் மட்டும் ஐந்து சொல் கொண்டுவந்தாள். பிறகு இவள் எழுந்தாள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"வைசூரி. இன்ஸ்பெட்டரு நம்மளாண்ட சொன்னாரு, திங்கக்கெயம."

வகுப்பு சிரித்தது. எனக்கே அவளைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

"பெரியம்ம. அம்ம குத்த வந்தவரு தெருவுல சொன்னாரு. அம்மவாரு. எதிர் வூட்டுத் தெலுங்கு அம்மா அவங்க தங்கச்சியாண்ட சொன்னாங்கோ. சேச்சக்கு. கறிக்கட பாய் சொன்னாரு. மாரி. கோயில் பூசாரி சொன்னாரு."

ஐந்து ஆகிவிட்டது. குமாஸ்தா மகளும் ஐந்து. இவள் என் கையிலிருந்த பலப்பத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. போதும், ஆளுக்குப் பாதி என்று நான் அதை உடைத்துக் கொடுத்திருக்கலாம். "வேற?" என்றேன்.

"முத்து," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"யார் வாயில் கேட்டே?"

"எங்கம்மா."

"யாரிடம் சொன்னாங்க?"

"அப்பாவாண்ட. தம்பிக்கு முத்து…"

அங்கேயே நிறுத்திவிட்டாள். சொல்லக்கூடாது என்று வீட்டில் அவளுக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அவள் வகுப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அது விளையாட்டு, அதில் சொல்வது வெளியே போகாது என்று அவள் நம்பியிருந்தாள். நான் சிரித்துக்கொண்டே பலப்பத்தை அவள் கையில் வைத்தேன். அவள் அன்று அதை முகர்ந்து பார்க்கவில்லை.

மத்தியானம் இன்ஸ்பெக்டருக்கு எழுதி அனுப்பினேன். தெரு, வீடு, ஆண் குழந்தை, வைசூரி என்று சந்தேகம். ஒரே வரி. கையெழுத்து நன்றாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வண்டி போனது. நான் அங்கே இல்லை. மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். இரண்டு வயதுக் குழந்தை. வேப்பிலையோடு சேர்த்துத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்களாம். அம்மா வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் இழுபட்டுக்கொண்டே போனாளாம். கொட்டாய் வேலிக்கு இந்தப் பக்கம் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் காலையில், குழந்தை போய்விட்டது, புதைத்தாகிவிட்டது என்று உள்ளேயிருந்து வந்து சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை.

வீட்டிலேயே இருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது என்று பிறகு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். என் வகுப்பில் அந்த வருஷம் ஒரு பிள்ளைக்கும் அம்மை வரவில்லை. அது நான் எழுதிய வரியினாலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா மடியில் சாக வேண்டிய குழந்தை வேலிக்கு அந்தப் பக்கம் செத்தது. அது நான் எழுதிய வரியினால்தான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். திரும்பவும் மீன் வாடை. நான் விளையாட்டை விடவில்லை. விட்டால் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்ற வீம்பு. தண்ணீர் என்று எழுதிப் போட்டேன், யாருக்கும் கெடுதல் வராத சொல்லாகப் பார்த்து. வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தியாக எழுப்பினேன். "தண்ணி, டீச்சர்." "வேற?" "வேற ஒண்ணும் கெடியாது டீச்சர்." முப்பது பேருக்கு மேல் இதே பதில். தெருவே சொல்லி அனுப்பியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கடைசியில் அவளிடம் வந்தேன்.

"உங்க வீட்டில் என்ன சொல்லுவாங்க?"

"தெர்யாது டீச்சர்."

"தெரியாதா? அம்மா உன்னிடம் தண்ணி கேட்க மாட்டாங்களா?"

"எங்கம்மா என்னாண்ட பேசறதில்ல டீச்சர்."

அதை அவள் அழாமல் சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். தம்பி போனதிலிருந்து என்றாள். சோறு போடும்போதுகூடத் தட்டை மட்டும் தள்ளி வைக்கிறார்களாம்.

அன்று சாயங்காலமே அந்தத் தெருவுக்குப் போனேன். வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெண் கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் இருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாடை இல்லாததைக் கவனித்தது, வேண்டுமென்றே அந்தச் சொல்லை எழுதியது, வேற வேற என்று தூண்டியது, சீட்டு எழுதியது. உன் பெண் மேல் தப்பில்லை, என்னைத் திட்டு, என்னை அடிக்கக்கூட அடி என்றேன்.

அவள் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ன எதுக்குத் திட்றது டீச்சரம்மா? நீ வெளியாளு. உனுக்குக் கேக்கறதுதான் வேல, கேட்ட. இவ என் வவுத்துல பொறந்தவ. அவன இடுப்புல வச்சுக்கினு திரிஞ்சவ. இவ எதுக்கு சொன்னா?"

சுவரோரம் பார்த்தேன். பெண் தலை நிமிரவில்லை. அவள் எதற்குச் சொன்னாள் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். ஒரு பலப்பத்துக்காக. அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். எத்தனையோ சொல் தெரிந்த எனக்கு அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.