குழாயில் பெருகிய பதினெட்டு

மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆடிப் பதினெட்டுக்கு அங்கே போகத் தொடங்கினார்கள். என் தங்கைக்குக் கல்யாணமான வருஷம் நாங்கள் மட்டும் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனோம். தாது வருஷம், பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஆகவே 1936 என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏரியைத் தேர்ந்தெடுத்தவர் மாப்பிள்ளை. வாரம் முழுக்கத் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டிருப்பவருக்குக் கரைமேல் நடக்க வேண்டும், பின்னாலிருக்கும் மலைக்காட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். அவருடைய அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. புதுப்பெண்ணுக்கு அன்றுதான் தாலிக்கயிறு மாற்ற வேண்டும்; அதைத் தாலி பெருக்குவது என்போம். வண்டியிலேயே அந்த அம்மாள் என்னிடம் சொல்லிவிட்டார்:

"பெருகற தண்ணியில நனையாத கயிறு இவ கழுத்துல ஏறாதுங்க. ஏறலீன்னா ஆடி முடிஞ்சும் இவள உங்கூட்டுலயே வெச்சுக்குங்க."

ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த தங்கை, பின்னால் ஓடும் சாலையைப் பார்த்தபடி இருந்தாள்.

மாப்பிள்ளை முதலில் காட்டுக்குத்தான் நடந்தார். முள்ளும் வெக்கையும் தவிர அங்கே எங்களை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வெள்ளையடித்த எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு குச்சி ஒடித்தார். காக்கிச் சட்டைக் காவல்காரன் ஒருவன் வந்து அதைப் பிடுங்கி எறிந்தான். மலைத் தண்ணீர் ஏரிக்கு இறங்கும் வழியென்று அடிவாரமும் அவன் காவலில் இருந்தது. அதன் பிறகு எங்கள் பின்னாலேயே வந்தான். கரையிலிருந்து நாங்கள் இறங்கத் தொடங்கியதும் முன்னால் வந்து மறித்தான்.

"ஏனுங்க, எங்கீங்க எறங்கறீங்க?"

"தாலி பெருக்கோணும். ரெண்டு கை தண்ணி," என்றார் அம்மாள்.

"பெருக்கறதுக்கு ஊட்டுல வெளக்கமாறு இல்லீங்களா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்ததும் இருமலாக்கிக்கொண்டார்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேசற வாயி வெளங்குமா?"

"என் வாயி வெளங்காட்டிப் போவுது. இது சேலத்துக்காரங்க குடிக்கற தண்ணி. கை கால் வெக்கப்படாதுங்க."

"நாங்கதான்டா அந்தச் சேலத்துக்காரங்க!"

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. எங்கூட்டு மாட்டையே இதுல வாய் வெக்க உடறதில்லீங்க. உங்களுக்குத் தெருத்தெருவா குழாய் போட்டு இதே தண்ணியக் கொண்டாந்து ஊத்தறாங்க. அது பத்தாம இங்க வந்து காலும் கழுவோணுமாக்கும்?"

நான் நயமாகப் பேசிப் பார்த்தேன். "ஆமாங்க, சரிங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்; தடியை மட்டும் குறுக்கிலிருந்து எடுக்கவில்லை. அவன் பார்வையிலேயே புளிச்சோறு தின்றோம். மாப்பிள்ளை ஒருமுறை, "காத்து நல்லா இருக்குதில்ல?" என்றார். அம்மாள் சோற்றுச் சட்டியை மூடினார்.

திரும்பும் வழியில் அம்மாள் மஞ்சள்கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் தெருமுனைக்கு வண்டி வந்தபோது இன்னும் விளக்கு வைக்கவில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன.

"அண்ணா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் தங்கை. இறங்கி மாமியாரிடம் கையை நீட்டினாள். "கயித்தக் குடுங்க அத்தை. இதும் அதே தண்ணிதானே? காவல்காரரே சொன்னாரில்லீங்களா?"

"குழாய் பெருகுமாடி?"

"தெறந்தாப் பெருகுமுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் காளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தோடு நின்றவள் ஒருத்தி கத்தினாள்: "நனைக்கறதுன்னா சுருக்கா நனைங்க சாமி, தண்ணி நிக்கற நேரமாச்சு!"

அத்தனை பேர் பார்த்திருக்கையில் மறுக்க அந்த அம்மாளால் முடியவில்லை. இடுப்பிலிருந்து கயிற்றை உருவிக் குழாயடியில் நனைத்தார். தங்கை கழுத்தில் அவர் போட்டது வாழ்த்துகிறவர் போடும் முடிச்சல்ல. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவது போல இறுக்கிக் கட்டினார். தங்கை முகம் சுளித்தாள், கழுத்தை நகர்த்தவில்லை.

ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற மாமியார் தெருவுக்கே கேட்கும்படி, "வந்துட்டா குழாய்த்தாலி," என்றார்.

தங்கை படியேறி, மூலையிலிருந்த காலிக்குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் புறப்பட்டாள்.