வெள்ளைக் கட்டம்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கட்டம் மேடம்’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “கட்டம் சரியில்லன்னு ஜோசியக்காரன் சொல்லலாம், நீங்களுமா?” என்று ஒருநாள் வகுப்பிலேயே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் கிண்டல் போய் ஒரு உரிமை மட்டும் மிஞ்சியது.

இலக்கியத் துறையில் மற்றவர்கள் காவியமும் நாவலும் நடத்தினார்கள். அவர் கட்டம் கட்டமாக வரையப்படும் படக்கதைகளை ஆராய்ந்தார். வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்து, படித்த மறுநாளே பொட்டலம் மடிக்கப் போய்விட்ட கதைகள் அவை. “எங்களுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சு. அம்மாவுக்கு என்ன, பொம்மை பாத்தா சம்பளம்” என்பார் துறைத் தலைவர். “நீங்களும் வாங்க சார். கண்ணு போனவங்களுக்குத்தான் பொம்மை பாக்கறது கஷ்டம்” என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள். ஆனால் பதவி உயர்வுப் பேச்சு வரும்போது தலைவரின் சிரிப்பு மட்டும் எஞ்சும், பதவி உயர்வு வராது.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருந்த, ஒரு சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும் அறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஈரம் எட்டாத பக்கத்தில் நீளமான மேசை. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் முதலில் அதிலுள்ள பேச்சுக் குமிழிகளையெல்லாம் துண்டுக் காகிதங்களால் மூடிவிடுவார். சொற்களை மறைத்துவிட்டு ஓவியத்தை மட்டும் பார்ப்பார். யார் முகம் தெரிகிறது, யார் முதுகு தெரிகிறது, கை எங்கே நிற்கிறது. அப்புறம்தான் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுப்பார். “வார்த்தை முதல்ல பேசிடுச்சுன்னா படம் வாயைத் திறக்காது” என்று மாணவர்களுக்குச் சொல்வார். இது நல்ல முறைதான். ஆனால் நல்ல முறை கையில் இருப்பவருக்கு, முறை காட்டாததும் தனக்குத் தெரியும் என்ற எண்ணம் மெல்ல வந்துவிடுகிறது.

அவர் எழுதியது ஒரே புத்தகம். பல வருடங்களுக்கு முன் வாராவாரம் வந்த துப்பறியும் தொடர் ஒன்றைப் பற்றியது. அதில் ஓர் அத்தியாயம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்த அத்தியாயம் முழுக்க ஒரே பக்கத்தைப் பற்றிப் பேசியது. துப்பறிபவர் ஒரு தாயிடம் அவள் மகன் இறந்த செய்தியைச் சொல்ல வருகிறார். ஒரு கட்டத்தில் கதவு திறக்கிறது. தாய் நிற்கிறாள். அடுத்த கட்டம் வெறும் வெள்ளை. கோடில்லை, சொல்லில்லை. அதற்கடுத்த கட்டத்தில் தாய் குனிந்து அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வெள்ளையைப் பார்த்தபோது அவருக்குத் தூக்கம் போயிற்று. ஓவியரைத் தேடிப் போனார். வயதானவர், மனைவியோடும் மகளோடும், மகளின் மருந்துக்கடைக்கு மேலே இருந்த வீட்டில் வசித்தார். பேச்சுவாக்கில் மகள் ஒன்று சொன்னாள்: அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். எந்த வருடம், எந்தத் தேதி என்று விசாரித்தபோது அந்த வெள்ளைக் கட்டம் அச்சான அதே வாரமாக இருந்தது. ஓவியர் கடைசி நேரத்தில் வரைந்து கொடுப்பவர், அச்சகத்து ஆள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவான் என்பதும் தெரிந்தது. எல்லாம் பொருந்தியது. பொருந்துவது ஒரு பெரிய சுகம். உண்மை கிடைத்த சுகமும் பொய் பொருந்திய சுகமும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்பதை யோசிக்கிற நேரம் அதுவல்ல.

“இந்தக் கட்டத்தை நீங்கதான் வெறுமனே விட்டீங்களா ஐயா?” என்று கேட்டார்.

ஓவியர் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “ஆமா... இருக்கும்” என்றார்.

புத்தகத்தில் ‘பிள்ளையைப் பறிகொடுத்தவர் வரைய முடியாமல் விட்ட வெள்ளை இது; ஓவியரே இதை உறுதிப்படுத்தினார்’ என்று அச்சாயிற்று.

அந்த வீட்டில் நடந்ததுதான் பெரிது. ஓவியரின் மனைவி மகன் போன வாரத்தை மறக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கையோடு இந்த மனிதர் மேசையில் உட்கார்ந்து வாரக் கதையை வரைந்தார், அச்சகத்து ஆளைக் காக்க வைக்கவில்லை. அன்றிலிருந்து அவரிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. “வெந்நீர் வெச்சிருக்கு” என்று கதவிடம் சொல்வாள். “விளக்கை யாராவது அணைச்சா தேவலை” என்று சுவரிடம் சொல்வாள். மகள் வளர்ந்ததே இந்தக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில்தான். புத்தகம் வந்து, மகள் அந்த அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய மறுநாள் காலை, அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, “ஏங்க, காபி ஆறுது” என்றாள். மகள் கடைக்கு இறங்கிவந்து, மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். இதை அவளே நம் ஆய்வாளரிடம் சொன்னாள். அவரும் அழுதார். ஒரு புத்தகம் ஒரு வீட்டை ஒட்டவைத்தது என்று கேட்டால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குத் தயாரான சமயத்தில் அது நடந்தது. அவர் தன் ஆராய்ச்சி முழுவதையும் அந்தத் தொடரின் மறுபதிப்பை வைத்தே செய்திருந்தார். பழைய வார இதழ்களை எந்த நூலகமும் வைத்துக்கொள்ளவில்லை. படக்கதைதானே என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது யாரோ சேர்த்துவைத்திருந்த ஒரு கட்டு நூலகத்துக்கு வந்திருந்தது. அட்டைப்படம் ஒன்று சேர்க்கலாம் என்று போய்ப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. கதவு திறக்கிறது, தாய் நிற்கிறாள். அடுத்த கட்டத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பற்பொடி விளம்பரம்.

முன்னும் பின்னும் புரட்டினார். வாராவாரம் ஒரு கட்டத்தில் விளம்பரம் இருந்தது. சில வாரம் ஓரத்தில், சில வாரம் நடுவில். இடம் விடச் சொன்ன இடத்தில் ஓவியர் இடம் விட்டிருந்தார், அவ்வளவுதான். மறுபதிப்புக்காரர்கள் விளம்பரங்களை வெட்டி எடுத்து, மற்றக் கட்டங்களை நகர்த்தி ஒட்டி இடைவெளியை மூடியிருந்தார்கள். இந்த ஒரு பக்கத்தில் மட்டும், சோம்பலோ அவசரமோ, மூடாமல் விட்டுவிட்டார்கள்.

மறுபதிப்பை நம்பக் கூடாது என்பது படக்கதை ஆராய்ச்சியில் அரிச்சுவடி. அதை அவர் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்.

துறைத் தலைவரிடம்தான் முதலில் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அக்கறையாகவே பேசினார். “இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? எழுதினவன் என்ன நெனச்சான்னு இப்ப யாரு பாக்கறா? பக்கத்துல வெள்ளை இருந்துச்சு, நீங்க படிச்சீங்க. வாசிப்பு வாசிப்புதான். ஒரு வரி சேத்துடுங்க, இன்னும் ஆழமாத் தெரியும்.”

“நான் வாசிப்புன்னு எழுதல சார். அவரு விட்டாருன்னு எழுதினேன். புள்ளைக்காக விட்டாருன்னு எழுதினேன்.”

“அந்த அரிச்சந்திரன் வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

தலைவர் சொன்னதில் தத்துவம் இல்லாமல் இல்லை. ஆனால் தப்பிக்க வேண்டிய நேரத்தில் சரியாக வந்து கைகொடுக்கும் தத்துவத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அடுத்து மருந்துக்கடைக்குப் போனார். மகள் ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

“இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா அக்கா?”

“துறைத் தலைவருக்குத் தெரியும். அடுத்த பதிப்புல எழுதணும்.”

“எழுதணும்னா? யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல.”

“அப்பாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. ரெண்டு பேரும் இன்னும் எவ்வளவு நாளு? அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க. கதவுகிட்டப் பேசற அம்மாவோட நீங்க குடும்பம் நடத்திப் பாருங்க, அப்பத் தெரியும்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்களாத்தான் வந்தீங்க. நாங்க கூப்பிடல. நீங்களாக் குடுத்தீங்க. இப்ப நீங்களாத் திருப்பி வாங்கிட்டுப் போறீங்க. இது என்னக்கா நியாயம்?”

நியாயமில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. அன்று ஒன்றும் முடிவு சொல்லாமல் திரும்பினார். பதிப்பகத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பழைய பதிப்பு காத்திருக்கவில்லை. அதை மேற்கோள் காட்டி எழுதிய கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கருத்தரங்கில் யாரோ ஒருவர் அந்த வெள்ளைக் கட்டத்தைத் திரையில் காட்டினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். பேசாமலிருப்பதும் தினமும் ஒரு முறை அந்தப் பொய்யைச் சொல்வதுதான் என்று அன்று தோன்றியிருக்க வேண்டும். அச்சில் வருவதற்கு முன் அவர்களிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். மகளுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார். மகள் “சரி” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அவர் போனபோது மூவரும் கூடத்தில் இருந்தார்கள். மகள் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஓவியரின் மனைவி வழக்கம்போல, “வாம்மா, புதுப் புத்தகம் எப்ப வருது?” என்று கேட்டாள்.

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பழைய இதழின் நகலை மேசையில் வைத்தார். ஓவியர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பல் காட்டிச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ அடையாளம் தெரிந்தது. “இந்தப் பொண்ணுதான் வாராவாரம் வருவா” என்றார். “இவளுக்கு இடம் விட்டு விட்டே எனக்குப் பழகிடுச்சு.”

“அப்ப நீங்க நெனச்சு விடலையா?” என்று மனைவி கேட்டாள்.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும் என்று அவள் கண்கள் கெஞ்சியது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஓவியருக்கும் தெரிந்திருக்கும்.

“எனக்கு ஞாபகமே இல்ல” என்றார் அவர். “புத்தகம் எழுத இவ வந்து கேட்ட அன்னிக்கும் ஞாபகம் இல்ல. இவ எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நாளாக நாளாக நல்லாவே ஞாபகம் வந்துச்சு. பேனாவைக் கீழே வெச்சதுகூட.”

மனைவி எழுந்து உள்ளே போனாள். போகும்போது கதவைச் சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை. அது பாட்டுக்குப் பாதியில் நின்றது. மகள் படியிறங்கிக் கடையைத் திறக்கப் போனாள். அவர் ஓவியரிடம் மன்னிப்புக் கேட்டார். “நீ என்னம்மா பண்ணுவ, என்னாலயும்தானே” என்று ஓவியர் பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டார்.

இரண்டாம் பதிப்பு வந்தது. அந்த அத்தியாயத்தின் இடத்தில், முன்பு எழுதியது தவறு, காரணம் இது என்று இரண்டு பக்கம் இருந்தது. அவர் நேர்மையைப் பாராட்டிச் சிலர் எழுதினார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு முழுச் சம்மதமில்லை. பிழையைத் திருத்துவது ஆய்வாளரின் வேலை. அதன் செலவை வேறொரு வீடு கொடுத்தது. பாராட்டி வந்த கடிதங்களை அவரும் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. மகள் போன் செய்வது நின்றுபோயிற்று. தைரியம் வந்து ஒருமுறை கடைக்குப் போய், தலைவலி மாத்திரை கேட்டார். மகள் எடுத்துக் கொடுத்தாள். மேலே எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, “இருக்காங்க” என்றாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், ஓவியரின் மனைவியே போனில் அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

“நீ பாக்கறதுல கெட்டிக்காரின்னு சொல்றாங்களே. அந்தப் பக்கத்துல மத்த கட்டமெல்லாம் அவரு வரைஞ்சதுதானே?”

“ஆமாம்மா.”

“அதுல ஏதாவது தெரியுதான்னு பாத்துச் சொல்லு. கை நடுங்கின மாதிரி, கோடு விலகின மாதிரி. ஏதாவது.”

பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார். இதழை வாங்கிவந்து மேசையில் விரித்தார். சொற்களை மூடினார். ஓவியத்தை மட்டும் பார்த்தார். தாயின் கை, கதவின் விளிம்பு, விளக்குமாற்றின் ஈர்க்குகள். வெளிச்சம் குறையக் குறைய இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். தேடினால் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பக்கத்திலும், எவர் வரைந்ததிலும், வேண்டும் என்று தேடுகிறவர் கண்ணுக்குத் தடித்த கோடு ஒன்று அகப்படும். கதவின் கீழ்மூலையில் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய வாரத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் கதவு இருந்தது, அதே மூலையில் அதே தடிப்பு இருந்தது.

போன் செய்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. கை நல்லா நின்னிருக்கு.”

“நல்லாவா?”

“அதுக்கு முந்தின வாரம் மாதிரியேதான் வரைஞ்சிருக்காரு. நல்லாத்தான்.”

மறுமுனையில், கீழே கடைக்கு வந்த யாரோ வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார்.

“அந்தப் பக்கத்தை எனக்கு ஒண்ணு அனுப்பிவிடு” என்றாள் அவள். “பெரிசா எடுத்து அனுப்பு. அந்தப் பல்லுக்காரியோட. எதையும் வெட்ட வேணாம்.”

“சரிம்மா. எதுக்கு?”

“நீ பாத்துட்ட. இனிமே நானே பாக்கறேன்.”

மறுநாளே அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க இரண்டு முறை போனை எடுத்தார், கேட்கவில்லை.